கன்ட்ரோல் பதினேழு

பதினொன்று. சுருண்டுவிட்டது சனியன். பிரஷ் நுனியால் நீவினால் விரியும். விரிகிறது, மெல்ல, மெல்ல, மூச்சுக்காற்று பட்டாலே ஓடிவிடும், முகக்கவசம் போட்டிருந்தும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், பதினெட்டு வருடத்துப் பழக்கம். ஸ்லைடை அருகே கொண்டுபோனால் தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. நல்ல பிள்ளை. பன்னிரண்டு. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உறைந்த கட்டி மேலே போய்க் கீழே வரும், கத்தி ஒரு சீவல் எடுக்கும், பத்து மைக்ரான், என் தலைமுடி ஒன்றை நெடுக்கில் ஏழாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. பெட்டிக்குள் மைனஸ் இருபது டிகிரி, ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில், நடுவில் நான், விரல்கள் மட்டும் மார்கழியில் இருக்கின்றன. அம்மா போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள், "அங்க நாள் பூரா என்னதான்டி செய்வ?" வாழைக்காய் சீவுற மாதிரி ஒரு மெஷின் இருக்கும்மா, அதுல சீவிக்கிட்டே இருப்பேன். "சரி சரி, கைய வெட்டிக்கிடாத." அவ்வளவுதான். எதைச் சீவுகிறாய் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டாவது கேள்வி கேட்கிற வழக்கமே கிடையாது. பதின்மூன்று. இது ஹிப்போகாம்பஸ். மூளையில், காதுக்கு நேர் உள்ளே, சுண்டுவிரல் அளவில் ஒரு சின்னச் சுருள். பயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளவும், பயம் போதும் நிறுத்து என்று உடம்புக்குச் சொல்லவும் இதைத்தான் நம்பியிருக்கிறோம். லேபிளில் பெயர் கிடையாது. கன்ட்ரோல் பதினேழு, ஆண், இருபத்திரண்டு வயது, விபத்து. பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. லோகேஷ். பதினான்கு.

நேற்று பேராசிரியர் வேதநாயகம் சார் சுவரில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். வலதுபக்கம் சிவப்புப் புள்ளிகள், தற்கொலை செய்துகொண்டவர்கள், எங்கள் கணக்கில் அவர்கள் கேஸ். இடதுபக்கம் நீலம், விபத்தில் போனவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க, அவர்கள் கன்ட்ரோல். சின்ன வயதில் ஓயாமல் அடியும் பயமும் பட்ட பிள்ளைக்கு மூளையில் ஒரு ஜீனின் மேல் ஒரு தழும்பு விழுகிறது, கண்ணுக்குத் தெரியாத ரசாயனத் தழும்பு, அதனால் பதற்றத்தை நிறுத்துகிற பிரேக் தேய்ந்துபோகிறது, தேய்ந்த பிரேக்கோடு அது வளர்கிறது, பரீட்சைக்குப் போகிறது, காதலிக்கிறது, ஒருநாள் ஒரு சரிவில் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. இதைத்தான் ஆறு வருடமாக அளந்துகொண்டிருக்கிறோம். சிவப்பெல்லாம் மேலே, தழும்பு அதிகம், நீலமெல்லாம் கீழே, அழகாக வந்திருந்தது. ஒரே ஒரு நீலம் மட்டும் சிவப்புகளின் உயரத்துக்கு ஏறி, வீடு மாறி வந்து உட்கார்ந்தவனைப் போல. எல்லாரும் சிரித்தார்கள். "யாருய்யா இவரு?" என்றார் சார். "டிஷ்யூ கெட்டுருக்கும். மங்கை, நாளைக்கு நீ ஒரு தரம் வெட்டிப் பாரு. அப்பவும் இப்படியே இருந்தா தூக்கிடலாம், ஒண்ணுக்காக முப்பத்தொம்பதையும் கெடுக்க வேண்டாம்." நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் வாய் சிரித்தது. பதினைந்து, பதினாறு, கிழிந்துவிட்டது, வேண்டாம் போ. பன்னிரண்டரைக்குக் கூட்டம். அதற்குள் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது? ஒரு புள்ளியை வைத்து ஒருவன் எப்படிச் செத்தான் என்று சொல்ல முடியாது, முதல் வருடம் சேர்ந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். தழும்போடு எண்பது வயது வரை வாழ்ந்து பேரன் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தழும்பு இல்லாமலே போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் புள்ளி ஒன்றும் நிரூபிக்காது. எனக்குத் தெரிந்தது புள்ளியால் இல்லை. எனக்குத் தெரிந்தது தண்ணீர் டிரம்மால். பதினாறு மாதமாகத் தெரியும்.

நீல டிரம், மூன்று, வாசலில் வரிசையாக, மூடிமேல் கல் வைத்து. பட்டாபிராம் பக்கம், தண்டவாளத்தை ஒட்டின தெரு, வீட்டுக்கு வீடு டிரம், லாரித் தண்ணீர் வந்தால்தான் உண்டு. லோகேஷ் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மார்ச்சுவரி வாசலில் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்களே, அந்த வீடுகளுக்கெல்லாம் மூன்று மாதம் கழித்து நாங்கள் போவோம், நாற்பது பக்கக் கேள்வித்தாளோடு. போனவர் எப்படித் தூங்கினார், எப்படிச் சாப்பிட்டார், யாரோடு சண்டை. அப்பா ஏகாம்பரம், பஸ் கண்டக்டர், லீவு போட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தார், ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா இல்லை, அவள் போய்ப் பல வருடம். "மொட்டை மாடிக்குப் போனான் மேடம், டேங்க்கு ரொம்பிச்சான்னு பாக்க. கால் வழுக்கிடுச்சு." எழுதினேன். விபத்து. சின்ன வயதில் அடி உண்டா என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. "அடிக்காம யாரு மேடம் புள்ள வளத்தா?" என்று சிரித்தார், சிரித்தபடியே கையைப் பார்த்தார், தன் கையை. அதையும் எழுதினேன். எங்கள் கேள்வித்தாளில் ஒரு தந்திரம் உண்டு, சார் தந்திரம் என்று சொல்ல மாட்டார், முறை என்பார். முக்கியமான கேள்வியை முதலில் ஒரு தரம் கேட்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் என்னென்னவோ பேசி, டீ குடித்து, நோட்டை மூடி, எழுந்திருக்கிறவளைப் போல இருந்து, அப்புறம் இன்னொரு தரம் கேட்க வேண்டும், வேறு வார்த்தையில், மெதுவாக. அன்னைக்கு அவர் மனசுல என்ன இருந்திருக்கும்னு நெனைக்கிறீங்க? முதல் தரம் வருவது ஊருக்குச் சொல்கிற பதில், போலீசுக்குச் சொன்ன பதில். முதல் தரத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி. தீராத வயிற்றுவலி. நம் ஊரில் இத்தனை பேர் வயிற்றுவலியால் போயிருக்கிறார்கள், இத்தனை வருடத்தில் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்த ஒரு சீட்டை எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. இரண்டாவது தரம்தான் மனிதர்கள் அழுவார்கள். அப்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும், அல்லது எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். மற்ற இருபது வீடுகளில் இரண்டாவது தரம் கேட்டிருக்கிறேன், ஒரு வீட்டில்கூட விட்டதில்லை. அங்கே நோட்டை மூடினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரம்மைப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் இருந்தாலே அதிசயம், மாடியில் டேங்க் எங்கே நிரம்பும், யார் நிரப்பினார்கள், எந்தத் தண்ணீரை? கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். பாவம் பார்த்தேன். பாவம் பார்த்தேன் என்றுதான் பதினாறு மாதமாகச் சொல்லிக்கொள்கிறேன். வரேங்க சார் என்று எழுந்துவிட்டேன். இருபத்திரண்டு. இல்லை, இருபத்தொன்றா? எண்ணிக்கை போய்விட்டது. ஸ்லைடைப் பார்த்து எழுது. இருபத்தொன்று.

பாவமா? யாருக்குப் பாவம்? என் தம்பி குணசீலன் ஆண்டெனா திருப்பப் போனான். இரண்டாயிரத்து மூன்று, ஆடி மாதம், அருப்புக்கோட்டை, காற்றுக் காலம். டி.வி. சரியாகத் தெரியவில்லை என்று மாடிக்கு ஏறினான், ஆண்டெனாவைத் திருப்பும்போது கால் தவறிவிட்டது. அப்பா இதை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தலைமையாசிரியர் வந்தார், அவரிடம் சொன்னார். போலீஸ்காரரிடம் சொன்னார். எட்டாம் வகுப்புக் கணக்கை நடத்துகிற அதே குரலில் படிப்படியாகச் சொன்னார். எங்கள் வீட்டில் கேபிள் வந்து அப்போது இரண்டு வருடம். தெருவுக்கே தெரியும், இழுத்துக்கொடுத்தவனே பாடைக்குப் பக்கத்தில்தான் நின்றான். ஒருத்தரும் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல ஜனங்கள், எவ்வளவு மரியாதை, எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன ஆண்டெனா, காத்து வேற இப்படி அடிக்குதே என்றார்கள். அந்த மரியாதையில்தான் நாங்கள் மூன்று பேரும் இருபத்திரண்டு வருடமாக மூச்சுமுட்டிக் கிடக்கிறோம். நான் கையெழுத்துப் போட்டேன், வாக்குமூலத்தில், படித்த பிள்ளை நீ போடும்மா என்றார்கள். பிரம்பு காலண்டருக்குப் பின்னால் இருக்கும். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. என் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது பேனாவைத் துடைத்துவிட்டுப் போடுவார். அவனுக்கு மட்டும்தான். கணக்கு வாத்தியார் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே ரத்தம், எனக்கு மார்க், அவனுக்குப் பிரம்பு. அடுத்த அறையில் நான் காதில் விரலை வைத்துக்கொண்டு வாய்ப்பாடாகப் படிப்பேன், விலங்கியல், நரம்பு மண்டலம், பன்னிரண்டு ஜோடிக் கபால நரம்புகள். ஒலி கேட்கும் நரம்பு எட்டாவது. படித்து முதல் மாணவியாக வந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளில் ஏன் ஒருத்தி இருக்கிறாள், ஒருவன் இல்லை? இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதற்கு மெஷின் எதற்கு, மைனஸ் இருபது எதற்கு, என்னைக் கேட்டால் நின்ற இடத்தில் சொல்லியிருப்பேன்.

குணா காலேஜிலிருந்து வந்திருந்தான், இரண்டாம் வருடம். ஏழு பேப்பர் அரியர். அப்பாவுக்குத் தெரியாது. அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, நீ அப்பாட்ட சொல்றியாக்கா" என்றான். நான் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன், கறுப்பு மையால்தான் நிரப்ப வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது. தலையைத் தூக்காமலே சொன்னேன், "நீயே சொல்லுடா. ஏன் இப்டி பயந்து சாகுற?" சொன்னேன். இந்த வாயால். நாம் எல்லாவற்றுக்கும் சாகிறவர்கள்தானே, பசியில் சாகிறேன் என்போம், சிரித்துச் செத்தேன் என்போம், அதற்கு என்ன அர்த்தம், ஒரு அர்த்தமும் கிடையாது, எந்த அக்காவும் எந்தத் தம்பியிடமும் சொல்கிறதுதான். அவன்கூட லேசாகச் சிரித்தான். சிரித்தானா? சிரித்தான் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாபகத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் மாறும் என்று எங்கள் துறையில் ஒரு கருத்து உண்டு. நான் எத்தனை ஆயிரம் தரம் எடுத்துப் பார்த்திருப்பேன், அவன் முகத்தில் இனி அவனுடையது எவ்வளவு மீதி. குணா. என் வீட்டுக்காரர் சபாபதிக்குக்கூட ஆண்டெனாதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டோம், பெண் வீட்டில் ஒரு துக்கம் உண்டு, விபத்து. "அடடா" என்றார். இருபத்தாறு. போன ஞாயிறு அம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன், அம்மா அன்னைக்கு குணா மாடிக்குப் போறப்ப உங்கிட்ட எதுவும்... முடிக்க விடவில்லை. "ஆண்டெனா திருப்பப் போனான்டி" என்றாள், பரீட்சையில் கேட்டதைப் போல டக்கென்று. அப்புறம் வாழைக்காய். எனக்கு அழுகை வருகிறது, இப்போது, இந்தப் பெட்டி முன்னால், உள்ளே விழுந்தால் உறைந்துபோகும், சாம்பிள் கெடும், பின்னால் சாய்ந்துகொள் கழுதை.

ஆனால் செத்தவனை விடு. செத்தவனைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், சுகமாகக்கூட இருக்கும். அந்தப் பெண். அவளைத்தான் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். யுவராணி, லோகேஷின் தங்கை, அப்போது ஒன்பதாம் வகுப்பு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அண்ணனுடைய கட்டம் போட்ட சட்டை, முழங்கால் வரை தொங்கியது. கொடுத்துவிட்டுப் போகவில்லை, கதவோரம் நின்று நான் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். விபத்து என்று எழுதினதையும் படித்திருப்பாள். படித்துவிட்டு உள்ளே போனாள். கேஸ் என்று எழுதினால் ஒரு விதி இருக்கிறது, எங்கள் ஆராய்ச்சியிலேயே உருப்படியான ஒரே விதி. அந்த வீட்டில் இருக்கிற மற்றவர்களைப் பார்க்க எங்கள் நர்ஸ் கிரேஸ் சிஸ்டர் மாதம் ஒருமுறை போவார், இரண்டு வருடத்துக்கு. உட்கார்ந்து பேசுவார், பேசவைப்பார், தூக்கம் வராதவர்களை டாக்டரிடம் கூட்டிப்போவார். ஏனென்றால் ஒருவர் போன வீட்டில் கூடப் பிறந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல், பேசினால் அது குறைகிறது, இதற்கு மெஷின் வேண்டாம், கிரேஸ் சிஸ்டரும் ஒரு பஸ் பாஸும் போதும். பத்தொன்பது வீட்டுக்கு அவர் போகிறார், அந்த வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், இருக்கிறார்கள். கன்ட்ரோல் வீட்டுக்கு அது கிடையாது. கன்ட்ரோல் வீட்டுக்கு நன்றிக் கடிதம். தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு. நான்தான் டைப் அடித்தேன், நான்தான் ஸ்டாம்ப் ஒட்டினேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை எழுதி அந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய ஆளை வரவிடாமல் செய்துவிட்டேன். இப்போது அவன் புள்ளியையும் தூக்கிவிட்டால் அந்த வீட்டுக் கோப்பே பீரோவுக்குள் போய்விடும், இனி யாரும் அந்தத் தெருப்பக்கம் போகமாட்டார்கள். பத்தாவது பரீட்சை முடிந்திருக்கும். நன்றாக எழுதினாளா? பிரேக் எப்படி இருக்கிறது, அவளுக்கு? ஏன் இப்படிப் பயந்து... வாயை மூடு. வாயை மூடு.

"என்னம்மா, வருதா?" வேதநாயகம் சார். கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை. அறுபத்து மூன்று வயது, காலில் எப்போதும் ரப்பர் செருப்பு, பூனைமாதிரி வருவார். வருது சார். "டிஷ்யூ எப்படி இருக்கு?" நல்லா இருக்கு சார். நல்ல டிஷ்யூ. கெடல. குனிந்து ஸ்லைடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். ஆமாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரிகிறது, புருவம் ஏறுகிறது. சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும்? பதினெட்டு வருட வேலை, இந்த ஒன்றில் இப்படிச் செய்தவள் மற்றதில் என்ன செய்தாளோ என்பார்கள், இருபது வீட்டுத் தாளையும் திரும்பச் சரிபார்ப்பார்கள், கட்டுரை நின்றுபோகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் ஆகாது, நல்ல ஜனங்கள், எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். "சார், இது கன்ட்ரோல் இல்ல." என் குரல்தானா, கட்டையாக வருகிறது. "இல்லன்னா?" நான்தான் சார் அந்த வீட்டுக்குப் போனேன். ரெண்டாவது தரம் நான் கேக்கல. தெரிஞ்சேதான் கேக்கல. அவர் ஸ்லைடை வைக்கவில்லை, பிடித்துக்கொண்டே நிற்கிறார், அவர் விரல் சூட்டில் ஓரம் பனி உருகுகிறது. "ஏன்?" பாவமா இருந்தது சார். "பாவம்" என்கிறார். அப்புறம், "ஆறு வருஷம் மங்கை. ஆறு வருஷம். உன்னைப் பாத்துத்தானே மத்ததுங்களுக்கு நான்..." முடிக்கவில்லை. ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார். அவருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிவந்திருக்கிறது. திட்டட்டும். யாராவது ஒருத்தராவது என்னைத் திட்டட்டும், ஒரு ஜென்மமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். "அந்த வீட்ல வேற யாரு இருக்கா?" என்கிறார். அப்பாவும் ஒரு பொண்ணும். "பொண்ணுக்கு என்ன வயசு?" பதினஞ்சு, பதினாறு. அவர் ஸ்லைடை மெல்ல வைக்கிறார். "கூட்டத்தை நான் தள்ளிப் போட்டுக்கறேன். நீ அங்க போனைப் போடு, மொதல்ல. அப்புறம் கிரேஸைக் கூட்டிட்டு சாயங்காலமே போ." கட்டியை எடுத்து உள்ளே வெச்சிடவா சார்? "இரு. பாதில நிறுத்தினா கட்டி விரிசல் விட்டுடும்." ஸ்டூலை இழுத்து உட்கார்கிறார். பத்து வருடமாவது இருக்கும் அவர் வெட்டி, பிரஷ்ஷைப் பிடிக்கிற கை லேசாக ஆடுகிறது. "எத்தனையில இருக்கு?" இருபத்தாறு. "சரி, போம்மா. உன்கிட்ட நான் கோபமாத்தான் இருக்கேன். அதை அப்புறம் பாத்துக்கலாம். போ."

வராந்தாவில் வெயில் முகத்தில் அறைகிறது, விரல்கள் குத்துகின்றன, ரத்தம் திரும்புகிறது. கேன்டீனிலிருந்து தாளிக்கிற வாசனை. கோப்பில் எண் இருக்கிறது, ஏகாம்பரம், பத்து இலக்கம், நிதானமாக அழுத்துகிறேன், மணி அடிக்கிறது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? ஒரு சின்ன விவரம் விட்டுப்போச்சு சார், ஃபாரத்துல ஒரு பக்கம்... அயோக்கியத்தனம். எடுக்க மாட்டார், வேலையில் இருப்பார், எடுக்காவிட்டால் நல்லது, நல்லதா? எடுத்துவிட்டார். "யாரு?" சார், நான் மங்கையர்க்கரசி. போன வருஷம் வீட்டுக்கு வந்திருந்தேன், ஆஸ்பத்திரி ஆராய்ச்சி... "தெரியுதும்மா. நோட்டுல எழுதிக்கினு போனீங்களே." பின்னால் குக்கர் விசில், வீட்டில்தான் இருக்கிறார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இல்ல சார். சொல்லணும். "சொல்லும்மா." இருபத்திரண்டு வருடம். கணவரிடம் சொல்லாதது, எந்த டாக்டரிடமும் சொல்லாதது, இதை யாரோ ஒரு கண்டக்டரிடம், பட்டாபிராமில். எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். பத்தொம்பது வயசு. மாடியிலேர்ந்து கால் தவறி விழுந்துட்டான்னு ஊர்ல சொன்னோம். எல்லார்கிட்டயும் சொன்னோம். அப்படி இல்ல சார். அவன் தவறி விழல. அவனாத்தான். சொல்லிவிட்டேன். வராந்தா அப்படியே இருக்கிறது, தோட்டக்காரர் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போகிறார், ஒன்றும் இடிந்து விழவில்லை. ஏகாம்பரம் போனை வைத்துவிட்டாரா? இல்லை. மூச்சு கேட்கிறது. சார், இருக்கீங்களா?

"அன்னைக்கு நீங்க நோட்டை மூடினீங்கம்மா" என்கிறார். நிதானமாக, டிக்கெட் கிழிக்கிறவருக்குப் பழகிப்போன பொறுமையில். "நான் பாத்துனே இருந்தேன். இன்னொரு வாட்டி கேப்பாங்க, கேட்டா சொல்லிடணும்னு இருந்தேன். போலீஸ்கிட்ட சொல்லல, என் அக்காகிட்ட சொல்லல. யார்னா ஒருத்தர் கேட்டா போதும்னு இருந்துச்சு. நீங்க செருப்பு மாட்டிக்கினீங்க." பாவம் பார்த்தேனாம். அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். "டேங்க்குல தண்ணியே இல்லம்மா" என்கிறார், அதற்குமேல் அவரால் முடியவில்லை, பெரிய ஆண்பிள்ளை அழுகிற சத்தம், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம், நானும் அழுகிறேன், இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் இப்படி. மன்னிச்சிடுங்க சார். "நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க. நான்தான் அவனை... எதுக்கெடுத்தாலும் கை நீட்டிடுவேம்மா. கை நீட்டிடுவேன்." யுவராணி எப்படி சார் இருக்கா? கேட்டுவிட்டேன். அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம். "இருக்குது. ஸ்கூல் லீவு. சாப்பிடறது இல்ல சரியா. எங்கிட்ட பேசறது இல்ல, நானும் பேசறது இல்ல, இன்னா பேசறது? மாடிக்கு நான் பூட்டுப் போட்டுட்டேம்மா. சாவி என் இடுப்புலதான் இருக்கும். டூட்டிக்குப் போனாலும் இடுப்புல. அது பாத்துனே இருக்கும், நான் பூட்டறத. ஒண்ணும் கேக்காது." சாயங்காலம் நாங்க வரோம் சார், கிரேஸ்னு ஒரு சிஸ்டர், அவங்களும் நானும், ரொம்ப நல்லா பேசுவாங்க. வரலாமா? "வாங்கம்மா. வாங்க." அப்புறம் ஏதோ யோசித்தவர்போல, "இப்பக் குடுக்கட்டா? பக்கத்துலதான் கீது" என்கிறார். நான் தயாராகவே இல்லை, என்ன பேசுவேன், ஒரு வாக்கியம்கூடக் கையில் இல்லை. குடுங்க சார். போன் கை மாறுகிறது. குக்கர் இன்னொரு விசில். "ஹலோ" என்கிறாள், அவ்வளவு மெல்லிய குரல். யுவராணி, நான்... "தெரியும். அன்னைக்கு வந்தீங்க. தண்ணி குடுத்தேன்." ஆமாம்மா. உங்க அண்ணனைப் பத்தி உன்கூடப் பேசணும்னு எனக்கு. அன்னைக்கே பேசியிருக்கணும். நீ பேசறியா? நான் அவசரப்படவில்லை. முதல் தடவையாக என் வாழ்க்கையில் நான் அவசரப்படாமல் நிற்கிறேன். "அப்பா இங்க இருக்காரே" என்கிறாள். இருக்கட்டும். அவருக்குத் தெரியும். அவரும் பேசுவார். "அண்ணன் பேரைச் சொல்லலாமா?" சொல்லலாம். லோகேஷைப் பத்தி என்ன வேணா சொல்லலாம். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம், நீளமாக, அடித்தொண்டையிலிருந்து.

"எவ்ளோ நேரம் பேசலாம்?" என்று கேட்கிறாள்.